எட்டாவது திருகாணி

துளை போடாமல் வேங்கைப் பலகையில் திருகாணி ஏற்றுகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் பலகையின் நுனிப் பக்கம் ஏற்றினால் நெடுக விரிசல் ஓடும். பிறகு அது அடுப்புக்குத்தான் ஆகும். இருபது வருசத்தில் தனுஷ்கோடி கையில் ஒரு பலகை பிளந்ததில்லை என்று ஊர் பூராவும் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

2007 தீபாவளி சீசனில், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறைக்குத் தரைப்பலகை போடும் வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவன் என் தங்கச்சி இருளம்மாளின் புருசன் செல்லச்சாமி. அந்த அறையில் மருந்து கலக்குகிறவனே அவன்தான்.

மருந்து இருக்கும் இடத்தில் இரும்பு ஆகாது. உரசினால் பொறி பறக்கும். ஆகவே எல்லாமே பித்தளைத் திருகாணி. பித்தளைக்கு வலு குறைவு, வேங்கையின் இறுக்கத்தில் கழுத்து முறிந்துவிடும். அதனால் முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றிப் புரி வெட்ட வைத்து, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையை ஏற்றினேன். இரும்பை ஈரச் சோப்பில் குத்தி எடுத்து ஏற்றினால் மரம் பிளக்காமல் இறங்கும். காலி அறைதானே என்று போர்மேன் முனியசாமி எட்டு இரும்புத் திருகாணியை உள்ளே கொண்டுபோக விட்டார். வேலை முடிந்ததும் தலைகளின் மேல் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து இழைத்தேன். திருகாணி எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாத அளவுக்கு வழவழப்பான தரை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். இரும்பு ஏழுதான் இருந்தது.

உளி, சுத்தியல், மரத்தூள் அப்பிய சோப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தேடினேன். பையை உதறினேன். இல்லை. அப்படியானால் ஒன்றைக் கழற்ற மறந்து, மேலே அடைத்துவிட்டேன். உடனே சொல்லியிருக்க வேண்டும். என் பேர் என்ன ஆகும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை செல்லச்சாமி அந்தத் தரையில் உட்கார்ந்து மருந்து கலந்தான்.

செவ்வாய்க்கிழமை முனியசாமியிடம் போய்ச் சொன்னேன்.

“சீசன் நேரத்துல ரூமை நிப்பாட்டணும்ங்கியா? லோடு கெளம்பாமக் கெடக்கு. ஞாயித்துக்கெளம வா, பாத்துக்கிடலாம்.”

“அதுவரைக்கும் உள்ள உக்காந்திருக்கது எந் தங்கச்சி புருசன், அண்ணாச்சி.”

“அவன் நேத்தா வேலைக்கு வந்தான்? போய்யா.”

சாயங்காலம் செல்லச்சாமியிடமே சொன்னேன். சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான்.

“எம்புட்டுப் பீத்துனீக மச்சான்! சரி, காந்தம் இருந்தாக் குடுங்க. காலையில மருந்து வாரதுக்கு முந்தி தடவிப் பாத்துருதேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. அதோடு இரும்புத் தட்டும் ஒட்டியிருந்தது. துணியைச் சுற்றி என் கையாலேயே கொடுத்தேன். மருந்து இல்லாத நேரம்தானே என்று இரண்டு பேருமே நினைத்தோம். அன்றைக்கு வேலை முடிந்து அவன் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, கலந்து மிச்சமான மருந்தைக் கொண்டுவந்து அந்த அறையிலேயே ஒரு மூலையில் மூடி வைத்திருந்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு வெடித்தது. உள்ளே போனவன் அவன் ஒருத்தன்தான். காந்தம் கைதவறி விழுந்ததா, அடைப்பைச் சுரண்டினானா, பார்த்தவர் யாருமில்லை. நான் ஓடிப்போனபோது என் வேங்கைப் பலகைகள் நெடுக்குவாட்டில் பிளந்து வேலி வரைக்கும் சிதறிக் கிடந்தன. அவனை ஒரு வேட்டியில் பொதிந்து கொடுத்தார்கள்.

தரையில் இருந்த இரும்புதான் காவு வாங்கியது என்று ஊர் பேசியது. நானே எல்லோரிடமும் அழுது சொன்னேன், இருளம்மாளிடமும்தான். காந்தம் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேணும்னா விட்டீக? தொழில்ல கைமறதி வாரதுதாண்ணே” என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் செத்துப்போகாமல் இருந்தேன்.

பத்தாம் நாள் இருளம்மாள் என் வீட்டுத் துவைகல்லில், செல்லச்சாமி இடுப்பில் கட்டும் சாரத்தைத் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு தீர்ந்துவிட்டது என்றாள். என் வேலைப் பையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

“அண்ணே, உள்ள என்னமோ குத்துது.”

தேய்ந்த சோப்பிலிருந்து எதையோ பிடுங்கி, தண்ணீரில் அலசி, என் உள்ளங்கையில் வைத்தாள். ஈரச் சோப்பில் குத்தியவன் எடுக்க மறந்திருக்கிறேன். மேலே மரத்தூள் அப்பி அதை மூடிவிட்டது. தரையில் இரும்பே இருந்ததில்லை. புதன்கிழமை அந்த அறைக்குள் போன ஒரே இரும்பு நான் கொடுத்த காந்தம்.

“என்னதுண்ணே அது?”

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால், “மாப்ள தேடப் போனது இதத்தான் தாயி” என்றேன்.

அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சாரத்தை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்தோடு தன் வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை.