அட்டமியில் ஒரு கண்

…அட்டமியாம், இன்றைக்கு அட்டமி, நாளைக்கு நவமி, அது கழியட்டும் பிள்ளை என்கிறார் இந்த மனுசன், புண்ணுக்கு யார் பஞ்சாங்கம் வாசித்துக் காட்டுவது? கால்நடை மருத்துவர் கஜந்தினி மேசையில் கிடந்த நாயின் இமையை மறுபடி விரித்தாள். கருவிழியில் பூனை பிறாண்டிய இடம் குழியாக இறங்கியிருந்தது, அடியில் மிஞ்சியிருப்பது மெல்லிய சவ்வு ஒன்று, பலமாக ஒரு தும்மல் போதும், கண் உடைந்துவிடும். கண்டியில் கண் நிபுணர் இருக்கிறார், இன்றே கொண்டுபோங்கோ என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. புத்தூரிலிருந்து நாயை மடியில் வைத்து ஆட்டோவில் வந்த தில்லைநாதன் ஐயா சுவர்க் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டின்ரை வயித்தைக் கிழிச்சுக் கன்று எடுக்கிற கை, பிள்ளை. உந்தச் சின்னக் கண்ணைத் தைக்க ஏலாதோ?”

ஏலாது. அதை என் வாயால் சொல்ல வைக்கவென்றே வருகிறார்களா? மாட்டு வயிறும் இதுவும் ஒன்றா, இதற்கு நூலே தலைமயிரைவிட மெல்லியது, நுணுக்குக்காட்டிக்குக் கீழே தைக்கவேண்டும்… கண்டியில் இருக்கிற றம்ஸீன் அவளோடு படித்தவன்தான், அதே பட்டம்தான், பிறகு வெளிநாட்டில் வருசக்கணக்காக ஒரு நிபுணரின் பக்கத்தில் நின்று கண், கண், கண் மட்டும், செய்த சிகிச்சையெல்லாம் எழுதிக் கொடுத்து, சோதனையில் ஒருமுறை விழுந்து, மறுபடி எழுதி, அதற்குப் பிறகுதான் நிபுணர் என்ற பேர். அவளுக்கும் அந்தப் படிப்புக்கு இடம் கிடைத்ததே, அம்மா பாரிசவாதத்தில் விழாமல் இருந்திருந்தால்… சீ, அதை இப்போது ஏன் நினைக்கிறாள்?

ஐயா நாயின் காதைத் தடவினார். குரல் இறங்கியிருந்தது.

“என்ரை மனுசி அருமைநாயகியை நவமியிலைதான் கொழும்பு ஆசுப்பத்திரிக்கு ஏத்தினது. பெட்டியிலைதான் திரும்பி வந்தா. இவன் அவ வளர்த்தவன். நீங்கள் செய்யிறதெண்டா நான் நாள் பாக்கமாட்டன்.”

தணியவேண்டிய கோபம் இன்னும் ஏறியது. மனைவியைப் பறிகொடுத்தவரிடம் என்ன கோபம்? நானும் கூட வாறன் ஐயா என்று ஒரு சொல் சொன்னால் போதும், அட்டமியோ நவமியோ, இந்த மனுசன் கண்டிக்கு வான் பிடித்து ஏறிவிடுவார், கண்ணும் தப்பும். அது தெரிந்தும் ஏன் வாய் திறக்கமாட்டேன் என்கிறது? கஜந்தினி கீழே பார்த்தாள். உள்ளங்கையில் தையல் சாமான் அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு இருந்தது. எப்போது எடுத்தாள்?