புறங்கை

பொழுது புலர்வதற்குள் அந்தச் சலவைக் கொட்டகையைக் கொதிநீரின் ஆவி நிறைத்துவிடும். ஆஸ்பத்திரிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கும். ரத்தம் காய்ந்தது, மருந்து கொட்டியது, யாரோ கடைசி மூச்சை விட்டது, எல்லாம் ஒரே குவியல். சோடாக்காரம் கண்ணைக் கரிக்கும். பெண்கள் உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நனைந்த விரிப்புகளைத் தொட்டியிலிருந்து வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். காய்ந்த துணியைத் தூக்குகிறவர்களுக்கு ஈரத் துணியின் கனம் தெரியாது, கண்ணுகளா. அது ஆளை அப்படியே தரையோடு தரையாக அழுத்தும்.

ஆனால் யாரும் எடுத்த எடுப்பில் மெஷினில் கை வைத்துவிட மாட்டார்கள். முதலில் மூத்தவள் தொட வேண்டும்.

அவளுக்கு அங்கே 'புறங்கை அக்கா' என்றே பெயர். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் கால் நனையாமல் நிற்க ஒரு மரப்பலகை கிடக்கும். அவள் பலகை விட்டுப் பலகை தாவி, ஓடுகிற மெஷினின் இரும்பு உடம்பை வலது புறங்கையால் ஒற்றி எடுப்பாள். உள்ளங்கையால் தொட்டால், கரண்ட் இருந்துவிட்டால், விரல்கள் தாமாக மடங்கி இரும்பைக் கவ்விக்கொள்ளும். விட்டுவிடு என்று உயிர் அலறினாலும் கை விடாது. புறங்கையால் தொட்டால் அதே மடக்கம் கையை இரும்பிலிருந்து பிடுங்கித் தந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது.

சுள்ளென்று இருந்தால், "முழிச்சிருக்கு" என்பாள். ஒருவரும் கிட்டே போகமாட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால், "தூங்குது." வேலை தொடங்கும்.

அன்றைக்கும் தொட்டாள். துவைக்கும் மெஷின்கள் தூங்கின. கடைசியில் பிழியும் மெஷின். பெரிய அண்டா போல இருக்கும். ஈரத் துணியைப் போட்டால் சுழற்றிச் சுழற்றித் தண்ணீரைக் கக்கவைக்கும். அதன் முன்னால் கிடந்த பலகை இற்றுப்போய் உடைந்துவிட்டது. வேறு பலகை கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மூத்தவள் பக்கத்துப் பலகையிலேயே நின்றுகொண்டு, எட்டிச் சாய்ந்து புறங்கையை வைத்தாள்.

"தூங்குது."

"அக்கா," என்றாள் சின்னவள், அந்த மெஷினில் வேலை செய்பவள். "அப்படியே நம்ம மாமியாரையும் ஒரு தடவை தொட்டுப் பாத்துச் சொல்லேன். தூங்குறாங்களா முழிச்சிருக்காங்களான்னு தெரியாம நான் படுற பாடு இருக்கே!"

"உனக்கு மட்டுமாடி மாமியாரு? எனக்கும்தான்."

"அதான் சொல்றேன். நீ மூத்தவ. நீயே தொடு."

கொட்டகையே சிரித்தது. இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே குழாய், அதனால் ஓயாத சண்டை. வேலைக்கு வந்துவிட்டால் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

சின்னவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். மெஷினைத் தொட்டவுடன் கரண்ட் பிடித்தவள்போல் கண்ணைச் செருகி, உடம்பை உதறி ஆட்டுவாள். பதறி ஓடி வருகிறவர்களைப் பார்த்து நாக்கை நீட்டுவாள். எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டாலும் விடமாட்டாள்.

வெயில் ஏறியபோது, பிழிந்து முடித்த துணியை எடுக்க ஒரு கையை மெஷினின் விளிம்பில் ஊன்றி, மறு கையால் ஒரு விரிப்பைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். பலகை இல்லாத இடம். செருப்பு வழுக்குகிறதென்று கழற்றிப் போட்டிருந்தாள். வெறுங்கால் சாக்கடையை மூடிய இரும்புக் கிராதிமேல் இருந்தது. உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பிறகு ஆடத் தொடங்கியது.

"ஆரம்பிச்சுட்டா பாரு," என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள். "போதும்டி, வேலையைப் பாரு!" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு விரிப்பை உதறிக்கூடப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது சின்னவள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நாக்கை நீட்டவில்லை. பல்லிடுக்கில் நாக்கு கடிபட்டு ரத்தம் வழிந்தது.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான் வயர்மேன். எல்லா மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. கடைசியாகச் சின்னவள் அடங்கினாள்.

அவளைத் தூக்கிப்போன வண்டி தெருமுனை திரும்பியதுமே முதலாளி கொட்டகைக்கு வந்தார். தரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்காரன் போன்மேல போன் போடுறான். மெஷினுக்குள்ள இருக்கிற துணியை எடுத்து இஸ்திரி போட்டு அனுப்புங்க. அழுவுறதுன்னா சாயங்காலம் போய் அழுங்க."

சின்னவளின் பிடியிலிருந்து விரலால் நெம்பி எடுத்த விரிப்பு ஒன்றும் அதில் இருந்தது. அவள் முறுக்கிப் பிடித்த இடத்தில் துணி கசங்கிக் கிடந்தது. இஸ்திரிக்காரி அதன்மேல் பெட்டியை வைத்தாள். ஒருமுறை நீவினாள், போகவில்லை. தண்ணீர் தெளித்து அழுத்தி நீவினாள். போய்விட்டது. மற்ற விரிப்புகளோடு சேர்த்து மடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி மூத்தவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையின் தரை எப்போதும் காய்ந்திருக்கும். அவள் காலில் ஒட்டியிருந்த ஈரம் தரைவிரிப்பில் தடம் போட்டது. அவர் அந்தத் தடத்தையே பார்த்தார்.

"விசாரிக்க ஆபீசர் வருவாங்க. என்ன சொல்லப்போறே?"

"நடந்ததைச் சொல்றேன்யா."

"என்ன நடந்துச்சு? சொல்லு, கேப்போம். காலையில மெஷினைத் தொட்டுப் பாத்தது யாரு?"

"நான்தான்."

"என்ன சொன்னே?"

அவள் தன் புறங்கையைப் பார்த்தாள்.

"தூங்குதுன்னு சொன்னே. இந்தத் தொட்டுப் பாக்குற வேலையை நானா உனக்குக் குடுத்தேன்? அவ செருப்பைக் கழட்டிப் போட்டா. விளையாடிக்கிட்டு இருந்தா. அவ சாகுறப்ப நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. இதுல நான் பொய்யா ஏதாவது சொல்லிட்டேனா?"

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"விளையாட்டுப் புத்தியால வந்த வினைன்னு சொல்லிடு. உன் பேரு வெளியே வராம நான் பாத்துக்கறேன். அவளுக்குப் பெரிய பொண்ணு ஒருத்தி இருக்கால்ல? வேலைக்கு அனுப்பு. போட்டுத் தரேன்."

"எந்த மெஷின்லய்யா?"

"எந்த மெஷின்லன்னா? அவ அம்மா எடம்தானே காலியா இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, சகிக்கவில்லை என்றா, அவளுக்கே தெரியாது. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. சின்னவளின் மகள் கிட்டே வந்து, "பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" என்று கேட்டபோது, தன் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே கொட்டகைக்குப் போனாள். வயர்மேன் பிழியும் மெஷினுக்கு அடியில் குந்தியிருந்தான். முகம் சவரம் காணாமல் கிடந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். நான் தொட்டப்ப தூங்குன மெஷின், அவ தொட்டப்ப எப்படி முழிச்சுது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "அது தூங்கவே இல்லக்கா," என்றான். "மொட்டைமாடித் தொட்டியில தண்ணி தளும்பத் தளும்ப இருக்கு. கீழ குழாயை மூடி வச்சிருக்கோம். சொட்டுக்கூட விழல. அதுக்காகத் தொட்டி காலின்னு சொல்லுவீங்களா? தண்ணியோட அழுத்தம் குழாய் வாய் வரைக்கும் வந்து நிக்குதில்ல, அதுமாதிரிதான் வோல்ட்டேஜ். தொறந்தா ஓடுதே, அதுமாதிரி கரண்ட்டு. காஞ்ச பலகை கரண்டை விடாது, மூடுன குழாய். வெறுங்காலு, ஈரத்தரை, இரும்புக் கிராதி... அது நல்லாத் தொறந்த குழாய்க்கா."

"புரியும்படியா காட்டு."

அவன் ஒரு பல்பை எடுத்தான். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கின. மெஷினை ஓடவிட்டு, ஒரு நுனியை அதன் இரும்பில் வைத்தான். மறு நுனியை, அவள் வழக்கமாக நிற்கிற காய்ந்த பலகையில் வைத்தான். ஒன்றும் இல்லை.

"கரண்ட்டுக்குப் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி வேணும். சுத்தி வந்து வட்டம் முடியணும். பலகை நடுவுல மறிச்சிருச்சு."

மறு நுனியைச் சாக்கடைக் கிராதியில் வைத்தான். பல்பின் கம்பி மங்கலாக, செங்கல் நிறத்தில், எரிந்தது.

அவள் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவளின் உடம்புக்குள் ஓடியது இதுதான். கை வழியாகப் புகுந்து, கால் வழியாக இறங்கி, நடுவில் நெஞ்சு.

"அப்போ இத்தனை வருஷமா நான் மெஷினைச் சோதிக்கவே இல்ல தம்பி. காலுக்குக் கீழ இருக்கிற கட்டையைத்தான் சோதிச்சிருக்கேன். கட்டை நல்லா இருந்ததை மெஷின் நல்லா இருக்குன்னு ஊருக்கே சொல்லியிருக்கேன்."

வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி நின்றுவிட்டார்கள். வயர்மேன் எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே சொன்னான்:

"முன்னெல்லாம் இந்த மெஷின்ல அடிக்கடி ப்யூஸ் போகும், ஞாபகம் இருக்கா? உள்ள ஒயர் தேஞ்சு இரும்புல ஒட்டுது. அப்ப எர்த் கம்பி இருந்துச்சு. மெஷின் உடம்புலேர்ந்து மண்ணுக்குப் போற தடிமனான செப்புக் கம்பி. ஒட்டுன கரண்ட்டு அது வழியா ஒரேயடியாப் பாயும், அந்தப் பாய்ச்சல்ல ப்யூஸ் உருகும், மெஷின் நிக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அது பழுதுன்னுல்ல நெனச்சோம்!" என்றாள் இஸ்திரிக்காரி.

"வேலை நிக்குதுன்னு முதலாளி எர்த் கம்பியைக் கழட்டச் சொன்னாரு. வேண்டாம்னேன். உனக்கு வேலை வேணுமா வேண்டாமான்னாரு. கழட்டுனது இந்தக் கைதான். அதுக்கப்புறம் ப்யூஸ் போகல."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏனென்றால் கம்பியைக் கழற்றிய அந்த வாரம் அவர்கள் கொண்டாடியது எல்லாருக்கும் நினைவிருந்தது. மூட்டைக் கணக்கில் கூலி. மெஷின் நின்றால் அரைவயிறு. ப்யூஸ் போகவில்லை என்றதும், "உன் கை பொன்னு தம்பி!" என்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவள் சின்னவள்தான். அவன் தலை நிமிராமல் குடித்தான். டீ ரொம்பச் சூடு போலிருக்கிறது என்று கேலிகூடச் செய்தாள்.

"அவகிட்டயா நான் டீ வாங்கிக் குடிச்சேன்," என்று சொல்லி, அந்த இளைஞன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

மூத்தவள் அவன் தலையில் கை வைத்தாள். உள்ளங்கையை வைத்தாள்.

"எந்திரி. உன்னைக் கழட்டச் சொன்னான். என்னைப் பழியைச் சுமக்கச் சொல்றான். இவளை அந்தச் சுருக்கத்தை நீவச் சொன்னான். ஆளுக்கு ஒரு துண்டாப் பிரிச்சுக் குடுத்துட்டான். இன்னிக்கு யாரும் மெஷின் பக்கம் போக வேண்டாம்."

முதலாளி வந்தபோது கொட்டகை ஓடவில்லை. பெண்கள் பலகைகளை வரிசையாகப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொதிகலன்காரர்கூடத் தீயை அணைத்துவிட்டு வந்து ஓரமாக நின்றார்.

"என்ன இது, கல்யாண வீட்டுப் பந்தியா? எழுந்திருங்க!"

"எர்த் கம்பியைக் கட்டுங்கய்யா. எழுந்திருக்கிறோம்," என்றாள் மூத்தவள்.

"கட்டுனா மெஷின் நிக்கும்."

"நிக்கட்டும். மெஷினைச் சரிபண்ணிக்கலாம். எங்க சின்னவளைச் சரிபண்ண முடியுமா?"

"ஆபீசர்கிட்ட என்ன சொல்றேன்னு எங்கிட்டத் தலையாட்டிட்டுப் போனே? தொட்டவ நீ. மாட்டப்போறவளும் நீதான்."

"ஆமாய்யா, நான்தான் தொட்டேன். தூங்குதுன்னு நான்தான் சொன்னேன். சிரிக்கவும் சிரிச்சேன். அதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லுவேன். கம்பியைக் கழட்டச் சொன்னது யாருன்னும் சேத்துச் சொல்லுவேன்." அவள் எழுந்தாள். "இனிமே நான் தொட மாட்டேன். மெஷினை ஓடவிடச் சொல்றேன். ஷூவைக் கழட்டிட்டு இந்தக் கிராதிமேல நின்னு நீங்க தொடுங்க. தூங்குதுன்னு உங்க வாயால சொல்லுங்க. நாங்க நம்புறோம்."

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். கிராதியைப் பார்த்தார். அதன்மேல் கருகிய தோல் போல ஏதோ ஒட்டியிருந்தது. வைத்த அடியைப் பின்னால் எடுத்தார். அதைப் பார்க்காத கண் அங்கே ஒன்றுகூட இல்லை.

"உங்களை விட்டா ஆளே இல்லையா எனக்கு?" என்று கத்திவிட்டுப் போனை எடுத்தார்.

மதியத்துக்குள் ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒட்டிய வயிறும் கக்கத்தில் தூக்குச்சட்டியுமாக வாசலில் நின்றார்கள். உள்ளே இருந்தவர்களைப் பார்க்கக் கூசி, தரையைப் பார்த்தார்கள். முதலாளி தானே மெயின் சுவிட்சைப் போட்டார். பிழியும் மெஷின் உறுமிக்கொண்டு சுழன்றது.

"ம், போங்க. கை வைங்க."

மூத்தவள் அவர்களைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. "தம்பி, காட்டு," என்றாள்.

வயர்மேன் ஒரு நுனியை மெஷினில் வைத்தான். ஒரு நுனியைக் கிராதியில் வைத்தான். பட்டப்பகலில் பல்பு சிவந்து எரிந்தது.

"இந்த எடத்துல நின்னுதான் எங்க வீட்டுப் பொண்ணு செத்தா," என்றாள் மூத்தவள். "அப்புறம் உங்க இஷ்டம்மா."

"அந்த வேலையில்லாதவ பேச்சைக் கேக்காதீங்க! கை வைக்காதவ அப்படியே வேன்ல ஏறலாம்!"

ஒருவரும் அசையவில்லை. வேன் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருத்தி திரும்பி அதில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு என்ன நெருக்கடியோ. முன்னால் நின்ற வயதான பெண் மட்டும் பல்பை உற்றுப் பார்த்தாள். பிறகு கிராதிமேல் கால் படாமல் சுற்றி நடந்து வந்து, தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றாள் இஸ்திரிக்காரியைப் பார்த்து.

பலகையில் இடம் இல்லை. ஆனாலும் நகர்ந்து இடம் விட்டார்கள்.