நேர்ச்சைப் பாஸ்

கோலப்பனுக்கு அது இருபத்தோராவது பெண். முந்தைய இருபதும் எப்படிக் கைநழுவின என்று அவனிடம் கேட்டால் ஜாதகத்தின் மேல் பழி போடுவான். ஜாதகம் பாவம், அதற்கு வாய் கிடையாது. அவனுடைய இடது காதுக்கு மேலே மட்டும் முடி ஒரு சாணுக்குக் குறையாமல் வளர்ந்திருந்தது. தினமும் காலையில் கால் மணி நேரம் தேங்காய் எண்ணெய் தடவி, அதை உச்சந்தலை வழியாக வலது காதுவரை நடத்திக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பான். உச்சியில் வழுக்கை என்பது தனக்கும் கண்ணாடிக்கும் மட்டுமே தெரியும் என்பது அவன் நம்பிக்கை. சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குகிறவர்கள் வரை எல்லோருக்கும் தெரியும். மேலே இல்லாததற்குப் பக்கத்தில் ஈடு கட்டியிருந்தான். இரண்டு கன்னத்திலும் அந்தக் காலத்து மோஸ்தர்படி கிருதா தாடைவரை இறங்கியிருந்தது. மீசைக்கும் குறைவில்லை.

பெண் வடிவாம்பாள், அரசுப் பள்ளி ஆசிரியை. பெண் பார்த்த அன்று சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஒரு நாள் பேசிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். எங்கே வைத்துப் பேசுவது என்ற கேள்வி வந்ததும், அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சரணாலயத்தில் யானை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை என்றாள். துணைக்கு அவளுடைய அப்பா பிச்சையாவும் அத்தை முத்தாரம்மாளும் வருவார்கள். பிச்சையா ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். அவரை மாமா என்று கூப்பிடக் கோலப்பனுக்கு நாக்கு துறுதுறுத்தது. உத்தரவாகாத இடத்தில் உறவு கொண்டாடக் கூடாதென்று சார் என்றே கூப்பிட்டான்.

"பாஸ் என் பொறுப்பு சார். எங்க லாரி ஆபீஸ்ல நான் எழுதாத ஃபாரமா?" என்றான்.

அதுதான் வினையாயிற்று. வனத்துறை அலுவலகத்து குமாஸ்தா நாலு விதமான தாள்களை மேசையில் பரப்பினார். தனியாள் பாஸ், குடும்பப் பாஸ் இரண்டுக்கும் நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி. குழுப் பாஸுக்குக் குறைந்தது பதினைந்து தலை வேண்டும். நாலாவது நேர்ச்சைப் பாஸ். காட்டுக்குள் இரண்டு மைல் நடந்து மாடன் கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தப் போகிறவர்களுக்கு.

"ஆனையைக் காணான் தனியாள் பாஸ் நாலெண்ணம் மதி, சாரே" என்று குமாஸ்தா மலையாளத்தில் நல்ல புத்தி சொன்னார். யானை பார்க்க அந்தப் பாஸ் நாலு இருந்தாலே போதுமாம்.

"போட்டுக்கு மேல்கூரை உண்டா?"

"ஏய், தொறந்த போட்டாணு. நல்ல காற்று கிட்டும்."

நடு ஏரியில் காற்று அடிக்க, வலது காதில் படுத்திருந்த முடி எழுந்து இடது காதின் மேல் கொடியாகப் பறக்க, வடிவாம்பாள் எதிர்ப்பலகையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற காட்சி கோலப்பனின் கண்முன் வந்தது. இருபத்தோராவதும் தண்ணீரோடு போய்விடும். "நேர்ச்சைப் பாஸே தாருங்க. அந்த வழியிலயும் ஆனை வருமில்லா?" என்றான்.

அந்தத் தாளில் 'என்ன நேர்ச்சை' என்று ஒரு கட்டம் இருந்தது. பொங்கல் என்று எழுதினால் பானையும் அரிசியும் சுமக்க வேண்டும். சேவல் என்று எழுதினால் சைவக்காரரான பிச்சையா அங்கேயே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மொட்டைக்குக் கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம். மொட்டை என்று எழுதி, எண்ணிக்கைக் கட்டத்தில் நாலு என்று போட்டான். கோலப்பன் லாரி ஆபீஸில் பதினான்கு வருஷமாகச் சரக்குச் சீட்டு எழுதுகிறவன். சீட்டில் எழுதிய சரக்கும் லாரியில் ஏறிய சரக்கும் ஒன்றையொன்று முகம் பார்த்ததே கிடையாது. கட்டம் நிறைந்திருந்தால் எந்தச் செக்போஸ்ட்டும் திறக்கும் என்பது அவன் வேதம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்கள். "போட்டு உண்டுன்னு சொன்னாங்களே?" என்று வடிவாம்பாள் கேட்டாள். "காத்து பலமா அடிக்கும், ஆபத்து" என்றான். அவள் அவன் தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காட்டு வழியில் யானையைக் காணவில்லை. யானை போட்டுவிட்டுப் போனதைத்தான் கண்டார்கள். அத்தை அதற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியவர்கள் பின்தங்கியபோது வடிவாம்பாள் நேரடியாகக் கேட்டாள்.

"எங்கிட்ட மறைக்கிறதுக்கு உங்களுக்கு ஏதாவது உண்டா?"

"ஒண்ணுமில்ல" என்றான், தலையை மெல்ல அமுக்கிக்கொண்டே.

"பொய் சொல்லாத ஆளா இருந்தா எனக்குப் போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சொல்லிவிடலாமா என்று கோலப்பனுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கோயில் வந்துவிட்டது.

கோயில் என்றால் ஒரு மரம், ஒரு கல், கல்லுக்கு முன்னால் அணைந்த சுருட்டு. மரத்தடியில் சவரக்கத்தி தீட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட வனத்துறை வாச்சர் கை நீட்டிப் பாஸை வாங்கிப் படித்தார்.

"நாலு மொட்டை. ஆராணு ஆத்யம்?"

யார் முதலில் என்று கேட்டதும் அத்தை கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வடிவாம்பாளின் இடுப்புவரை தொங்கிய பின்னலைச் சவரக்காரர் ஒரு தொழிலாளியின் ஆர்வத்தோடு பார்த்தார்.

"அது சும்மா எழுதுனது" என்றான் கோலப்பன்.

சும்மா எழுதிக்கொண்டு வந்து சீட்டு விளையாடித் தீ மூட்டிவிட்டுப் போனவர்கள் ஏராளம் என்றார் வாச்சர். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. எழுதின நேர்ச்சை முடிந்தால் முத்திரை. இல்லையென்றால் நாலு பேரும் ரேஞ்ச் ஆபீஸுக்கு வந்து, பொய்யாகப் பாஸ் வாங்கினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அரசு வேலைல இருக்கேன் நான்" என்றாள் வடிவாம்பாள்.

"என்னவே எழுதி வச்சிருக்கீரு?" பிச்சையா கத்திய கத்தலில் மரத்திலிருந்த குரங்கு இடம் மாறியது. "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு தந்தி இடம் மாறிப் போனதில்ல. எம்மவ தலைய அடகு வச்சிட்டீரே!"

கோலப்பன் வெட்கத்தில் செத்தான். இனி இந்தப் பெண் தனக்கில்லை என்பது தெரிந்துபோயிற்று. அவள் பின்னலாவது தப்ப வேண்டும். "நான் ஒருத்தன் போட்டுக்கிடுதேன். அவங்களை விட்டுருங்க" என்றான்.

"பாஸில் நாலாணு" என்றார் வாச்சர்.

பிச்சையாவுக்குள் இருந்த போஸ்ட்மாஸ்டர் விழித்துக்கொண்டார். பாஸை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். "மொட்டை நாலுன்னுதான் இருக்கு. யார் யாருக்குன்னு இல்லையே. ஒரே விலாசத்துக்கு நாலு தபால் வந்தா ஒரே வீட்டுலதான குடுப்போம்?"

வாச்சர் யோசித்தார். சவரக்காரர் கோலப்பனைச் சுற்றிவந்து விரல்விட்டு எண்ணினார். "தலை ஒண்ணு. மீசை ரெண்டு. வலத்தே கிருதா மூணு. இடத்தே நாலு. ஒத்துப்போகுந்நுண்டு."

கோலப்பனை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். எண்ணெய்ப் பிடி விட்டது. வலது காதில் படுத்திருந்த முடி இடது தோளில் வந்து விழுந்தது. நடுவில் மாடன் கல்லைவிடப் பளபளப்பாக உச்சந்தலை வெளிப்பட்டது. சவரக்காரர் கத்தியைக் கீழே இறக்கினார்.

"சாரே, இதில் சிரைக்கான் எந்தா உள்ளது?"

வாச்சருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முடியில்லாத தலையை மொட்டைக் கணக்கில் எடுத்தால் மேலதிகாரி கேட்பார். அப்படியானால் மூன்றுதான் ஆகும், இன்னொரு தலை வேண்டும் என்றார். மறுபடியும் எல்லோரும் பின்னலைப் பார்த்தார்கள்.

"இல்ல!" என்று கோலப்பன் எழுந்து நின்றான். "உச்சியில இல்லதான். பத்து வருஷமா இல்ல. எண்ணெய் போட்டு மூடி வச்சி ஊரை ஏமாத்துனேன். சுத்தி இருக்கது என் சொந்த முடி, நல்ல முடி. அதை எடுத்துக்கிட்டு ஒண்ணுன்னு எழுதும்!"

யாரும் சிரிக்கவில்லை. வாச்சர் தலையசைத்தார். கால் மணி நேரத்தில் நாலும் முடிந்து முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியில் தலையில் முதல் முறையாக வெயில் சுள்ளென்று பட்டது. கோலப்பன் இருபத்திரண்டாவதைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லாமல் நடந்தான்.

வாசல் அறையில் இருந்த இன்னொரு வாச்சர் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். வடிவாம்பாள் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

"குடும்பப் பாஸுக்குள்ள ஃபாரம் ஒண்ணு தாருங்க."

"எதுக்குட்டி?" என்றார் பிச்சையா.

"இன்னும் ஆனை பாக்கலையே. கல்யாணம் கழிஞ்சு போட்டுல போகணும்." ஃபாரத்தைக் கோலப்பனிடம் நீட்டினாள். "நடு ஏரில காத்து அடிக்குமாம். இனி பயமில்லையே?"

கோலப்பனின் கை பழக்கத்தில் இடது காதுக்கு மேலே போயிற்று. அங்கே தடவ எதுவும் இல்லை.

"இல்ல" என்றான். பிறகு திரும்பி, "மாமா, பேனா இருக்கா?" என்று கேட்டான்.

பிச்சையா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மகளிடம் கொடுத்தார்.

"நீ எழுதுட்டி" என்றார்.