மையா, பையா?

தையல்காரிக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் மிச்சம். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காதவளுக்கு, எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று எப்படித் தெரியும்? ஒருமுறை தபால் ஆபீஸில் ஸ்டாம்பு கேட்டாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டுதான். வீட்டுக்குள் புருஷனும் நாத்தனாரும்தான் அவள் வாயில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள்.

காது விட்ட வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். எல்லாம் பிடிபடாது. 'பணம்' என்றாலும் 'மணம்' என்றாலும் உதடு ஒரே மாதிரி மூடித்தான் திறக்கும். மீதியை ஆளின் முகத்திலும் கையிலும் தேடி எடுத்துக்கொள்வாள். அளவு கொடுக்க வந்த ஒருத்தி கண்ணாடி முன் நின்று, "இவளுக்கு என்ன, கேக்கவா போகுது?" என்று தோழியிடம் சொன்னாள். அவளுக்கும் ஒழுங்காகத்தான் தைத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் அலையவிட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

நாலு மாடி, முப்பத்திரண்டு வீடு. அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில்தான் வீடும் தையல் மிஷினும். ஒரு நாள் காலையில் நகராட்சி ஆள் வந்து வாசல் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டினான். கட்டடம் வசிக்கத் தகுதியற்றதாம். காலி செய்ய வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் வரும் செவ்வாய்க்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரலாமாம்.

"வசிக்கத் தகுதியில்லையா?" என்று இரண்டாம் மாடிக் கொத்தனார் கொதித்தார். "பாக்க வந்த இன்ஜினீயர் கால் மணி நேரம் இருந்தார். லிஃப்ட் ஓடலைன்னு முதல் மாடியோட திரும்பிட்டார். மேல மூணு மாடி இருக்கறதே அவருக்குத் தெரியாது!"

இடித்த இடத்தில் ஒரு பெரிய கம்பெனி கடை வளாகம் கட்டப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த தெருவிலும் இப்படித்தான். கூட்டம் போட்டார்கள், தலையை ஆட்டிக் கேட்டார்கள், மறுநாள் காலை இடிக்கும் வண்டி வந்து நின்றது.

"போய் என்ன பிரயோஜனம்?" என்றான் தையல்காரியின் புருஷன். அவன் பஸ் டிரைவர். "அவங்க கேக்க வரல. கேட்ட மாதிரி காட்ட வராங்க. நாம போனா அதுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்."

"நான் போறேன்," என்றாள் தையல்காரி.

"போய்?"

"சும்மா உக்காந்து பாக்கறேன்."

செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்ட மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு நாத்தனார் போனாள். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ஒரு வார்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வார்டில் எழுந்து உட்காருவார்கள், அப்படி ஒரு தொண்டை. வாசலில் பெயர் எழுதிய குமாஸ்தாவிடம், "எங்க அண்ணிக்குக் காது கேக்காது, முன் வரிசையில இடம் குடுங்க," என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற கம்பெனி மேனேஜர் பெரிய மனசு பண்ணிச் சிரித்தார். "தாராளமா உக்காரட்டும். காது கேக்காதவங்கதானே, நமக்கு நல்லது."

தையல்காரி அதையும் பார்த்தாள். நேரே முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மேடையில் ஒரு நீள மேஜை. நடுவில் தலைமை அதிகாரி, ஒரு பக்கம் அந்தக் கால் மணி நேர இன்ஜினீயர், மறுபக்கம் மேனேஜர். "உங்க ஒவ்வொருத்தர் கருத்தும் எங்களுக்கு முக்கியம்," என்று அதிகாரி ஆரம்பித்து வைத்தார். கொத்தனார் எழுந்து தூண் தூணாகக் கணக்குச் சொன்னார். மூன்றாம் மாடி அம்மா அழுதுவிட்டார். அதிகாரி தலையை ஆட்டினார். குறிப்பு எழுதுகிற மாதிரி பேனாவையும் ஆட்டினார். பத்திரிகைக்காரர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து தூங்கி வழிந்தார்.

முன் வரிசையிலிருந்த தையல்காரிக்கு அவர் முன்னாலிருந்த காகிதம் நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு எழுத்துகூட விழவில்லை.

அந்த நேரத்தில் மேனேஜர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அதிகாரி பக்கம் சாய்ந்தார். "இன்னும் எத்தனை நேரம் சார்?"

"கத்தட்டும். கத்திக் களைச்சா தானா எழுந்து போவாங்க."

"உத்தரவு எப்ப வரும்?"

"எப்ப வரும்னா? போன வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு."

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் தையல்காரி தடுக்கி நின்றாள். 'மையில' இருக்கு என்றாரா, 'பையில' இருக்கு என்றாரா? உதட்டுக்கு இரண்டும் ஒன்று. கையெழுத்து என்றால் மை சரிதான். ஆனால் எவன் மையில் கையெழுத்து இருப்பதைப் பெருமையாகச் சொல்வான்? அவள் கண் மேஜைக்குக் கீழே இறங்கியது. அதிகாரியின் ஷூ முனை, காலடியில் இருந்த பழுப்புத் தோல் பையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

பை.

நாத்தனார் காதில் சொல்லி, அவளை எழுப்பிப் பேசவைத்திருக்கலாம். ஆனால் பார்த்தது இவள். 'நீ கேட்டியா?' என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நாத்தனார் என்ன சொல்வாள்? தையல்காரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா!"

எவ்வளவு சத்தமாக வந்ததோ, தூங்கிய பத்திரிகைக்காரர் துள்ளி விழித்தார். பின்வரிசையில் யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். நாத்தனார் திரும்பி ஒரு முறை முறைத்தாள். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்ட உத்தரவு உங்க பையில இருக்கு. கால்கிட்ட இருக்கே, அந்தப் பையில. அதை எடுத்துப் படிச்சிடுங்க. நாங்க எதுக்கு வீணா கத்தணும்?"

அதிகாரியின் முகம் வெளிறிப்போனது. "யார்... யாரம்மா சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. இப்பத்தான். இவர் எப்ப வரும்னு கேட்டார், நீங்க சொன்னீங்க. கத்திக் களைச்சா எழுந்து போவாங்கன்னும் சொன்னீங்க."

மேனேஜர் பொறுக்கமாட்டாமல் துள்ளினார். "இவங்களுக்குக் காது கேக்காதுன்னு சொன்னாங்களே!"

மைக்கைப் பொத்தியிருந்த கையை அவர் எப்போதோ எடுத்துவிட்டிருந்தார். அந்த வார்த்தை கூரை வரைக்கும் போய் முட்டியது.

"கேக்காதுங்க," என்றாள் தையல்காரி. "அதான் உங்க வாயையே பாத்துட்டு இருந்தேன்."

கூட்டம் ஒரே சமயத்தில் எழுந்தது. இளவட்டங்கள் மேடைப் படியில் கால் வைத்துவிட்டார்கள். கொத்தனார் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "ஒருத்தரும் பையைத் தொடக்கூடாது! தொட்டா அடிதடின்னு கேஸ் போட்டு நம்மளையே உள்ள தள்ளுவாங்க. அவர் கையாலயே எடுக்கட்டும். உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் தரையில், கதவுவரைக்கும். யாரும் பேசவில்லை. தையல்காரிக்கு நிசப்தம் பழகினது. அதிகாரிக்குப் பழக்கமில்லை. கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார், இன்ஜினீயரைப் பார்த்தார். இன்ஜினீயர் தன் செருப்பைப் பார்த்தார். பத்திரிகைக்காரர் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிஷம் கழித்து அதிகாரி குனிந்து பையைத் திறந்தார்.

தலையைத் தூக்காமல் படித்ததால் தையல்காரிக்கு உதடு தெரியவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"தேதி போன வெள்ளிக்கிழமைதான் அண்ணி," என்று நாத்தனார் வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "முதல் வரி என்ன தெரியுமா? 'பொதுமக்களின் கருத்துகளைக் கவனமாகக் கேட்டறிந்த பிறகு'ன்னு எழுதியிருக்கு!"

அப்போது அந்த மண்டபம் சிரித்தது. தையல்காரிக்கு அது உள்ளங்காலில் கேட்டது. மரத்தரை அதிர்ந்து, பெஞ்சு குலுங்கி, முழங்கால் வரைக்கும் ஏறியது. இவ்வளவு காலம் சிரிப்பென்றால் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்திருந்தவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவளும் சிரித்தாள், எவ்வளவு சத்தமென்று கவலைப்படாமல்.

மறுநாள் பத்திரிகையில் அந்த முதல் வரிதான் தலைப்பு. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள்; மூன்று மாதத்தில் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. அவர்கள் கேட்ட இன்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியரே வந்து சோதித்தார். லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. மனுஷன் நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறி, தூணைத் தட்டி, கூரையைத் துளைத்துப் பார்த்துவிட்டு, "பின்பக்கப் படிக்கட்டை மட்டும் சரி பண்ணுங்க. கட்டடம் கல்லு மாதிரி இருக்கு," என்றார். படிக்கட்டையும் லிஃப்டையும் நகராட்சியே செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. தலைமை அதிகாரிக்கு மாற்றல் வந்தது. கம்பெனி வேறு ஊர் பார்த்துப் போனது.

பஸ் டிரைவர் தன் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம், "முன் வரிசையில உக்காந்தது என் சம்சாரம்," என்று சொல்லிச் சொல்லி இரண்டு ஸ்டாப்பைத் தவறவிட்டான்.

இப்போதெல்லாம் ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள், சந்தை வியாபாரிகள், யார் யாரோ தையல் மிஷின் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். "அக்கா, வியாழக்கிழமை எங்களுக்குக் கூட்டம். வந்து முன்னால உக்காருங்க, போதும்." அவளும் கைவேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போகிறாள். அவள் உள்ளே நுழைந்ததும் மேடையில் இருப்பவர்கள் அவசர அவசரமாக ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்கிறார்கள்.

"சார், ஃபைலைக் கீழ இறக்குங்க!" என்று அவள் குரல் எழுப்புகிறாள். கணீரென்று, பின் வரிசை வரைக்கும். மண்டபம் மொத்தமும் கூடச் சேர்ந்து சொல்கிறது. அவர்கள் இறக்குகிறார்கள்.