மூச்சு விட்டது யார்?

"டேய் ஷெர்வின்! நில்லுடா!"

தாம்பரம் நடைமேம்பாலத்தின் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள் ஹெப்சி. அவன் முதுகுப் பை கூட்டத்துக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. பீச் டிரெயினிலிருந்து இறங்கிய கூட்டம் எதிரே சுவர்போல வந்துகொண்டிருந்தது. அதைப் பிளந்துகொண்டு ஓடினாள். யாருடைய கொய்யாக் கூடையோ காலில் இடறி, பழங்கள் உருண்டன.

"ஏம்மா, கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"சாரிக்கா!"

திரும்பிப் பார்க்க நேரமில்லை. அவனைத் தப்பவிட்டால் ஜனவரியும் தப்பிவிடும்.

பாலத்தின் நடுவில் நெஞ்சு அடைத்தது. வாயை மூடியிருந்த மாஸ்க் ஈரமாகி மூக்கோடு ஒட்டியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்து இருமினாள். இருமல் நிற்கவே இல்லை. கீழே ஒரு எக்ஸ்பிரஸ் தடதடத்துப் போனது.

ஓடியவன் நின்றான். திரும்பினான். அவள் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் ஓடிய வேகத்திலேயே அவளிடம் வந்தான்.

"ஏய் லூசு! என்ன ஆச்சு உனக்கு? தண்ணி குடி."

பாட்டிலைத் தட்டிவிட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"கிளாஸ்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு. கவர்மென்ட் டி.பி. சென்டர் வரிசையில உன்னை ஓவியா பார்த்திருக்கா. நீ அங்க போனியா, இல்லையா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"எனக்கு டி.பி.டா!"

ஷெர்வினின் முகம் வெளுத்தது.

அனகாபுத்தூரில் இருவருக்கும் ஒரே தெரு. ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு. இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரே ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வகுப்பு. ஏ.சி. போட்டு அடைத்த அறையில் அவளுக்கு அடுத்த நாற்காலி அவனுடையது. இரண்டு பேருக்கும் குறி ஒன்றுதான்: யூ.கே. விசா.

ஹெப்சிக்கு மான்செஸ்டரில் இடம் உறுதியாகிவிட்டது. செப்டம்பரில் கிளம்ப வேண்டியவள். விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். எல்லாரும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, வரும் வழியில் ஜூஸ் குடித்துவிட்டு வருகிற சமாச்சாரம். அவள் எக்ஸ்ரேயில் வலது பக்கம் ஒரு வெள்ளை மேகம் விழுந்தது. சளிப் பரிசோதனை அதை உறுதி செய்தது. இப்போது ஜூலை; செப்டம்பர் வாய்ப்பு கைநழுவிவிட்டது. ஜனவரிக்குள் வந்தால் சரி, அதற்கு மேல் இடம் கிடையாது என்று யுனிவர்சிட்டி சொல்லிவிட்டது.

இதை அம்மாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அம்மா மெட்டில்டா பம்மலில் நர்சரி பள்ளி டீச்சர். அப்பா போன பிறகு மகள்தான் உலகம். மகளின் விசாவுக்காக மாதக்கணக்கில் உபவாசம் இருக்கிறாள். ராத்திரியானால் ஆற்றங்கரைக் கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு விசா ஆபீசராகிவிடுவாள். "ஒய் மான்செஸ்டர்? ஒய் நாட் இண்டியா?" மகள் தடுமாறினால், "ரிஜெக்டட்! போய்த் தோசை ஊத்து" என்பாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சர்டிபிகேட் வரத் தாமதமாகிறது என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

இன்று காலைதான் அடுத்த இடி. கிழக்குத் தாம்பரத்தில் நெஞ்சு நோய் டாக்டர் தேவதர்ஷினி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"முக்கியமான மாத்திரைக்கே இந்தக் கிருமி மசியலம்மா. யாரோ மருந்தைப் பாதியில விட்டவங்க, மூடின ரூம்ல, உன் பக்கத்துல உட்கார்ந்து நாள் கணக்கா மூச்சு விட்டிருக்காங்க. வீட்ல யாரு?"

"அம்மா மட்டும்தான் மேடம். அவங்க நல்லாத்தான் இருக்காங்க."

"அவங்களையும் கூட்டிட்டு வா, பார்த்துடலாம். மத்த மருந்தெல்லாம் கேக்குமா கேக்காதான்னு தெரிய இன்னும் சில வாரம் ஆகும். யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா, அவங்க என்ன சாப்பிட்டாங்க, எங்க விட்டாங்கன்னு பார்த்து இன்னைக்கே சரியான மருந்தை ஆரம்பிச்சுடுவேன். ஆறு மாசம் ஒழுங்கா சாப்பிட்டா ஜனவரிக்குக் கிளம்பலாம்."

யார்? வெளியே வந்து தோழி ஓவியாவுக்குப் போன் செய்து அழுதபோதுதான், ஷெர்வினை அந்த வரிசையில் பார்த்ததை அவள் சொன்னாள். நேரே வகுப்புக்குப் போய் வாசலில் நின்றபடியே கேட்டாள் ஹெப்சி. ஷெர்வின் பையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

இப்போது பாலத்தின் மேல் அவள் எதிரே குந்தியிருந்தான்.

"சொல்லுடா. நீதானே?"

அவன் கண்களை மூடினான். திறந்தபோது கலங்கியிருந்தன.

"ஆமா. என்கிட்டேர்ந்துதான் வந்திருக்கும்."

பளீரென்று ஒரு அறை. நடந்துபோனவர்கள் நின்றார்கள்.

"லவ் மேட்டரா இருக்கும், வுட்டு வாய்யா," என்று யாரோ நகர்ந்தார்கள்.

"பக்கத்துல உட்கார்ந்து என் நோட்ஸை வாங்கி எழுதுனியேடா! ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? எங்கம்மா சோறு திங்காமக் கிடக்கிறா, தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றான்.

"எழுந்திரு. டாக்டர்கிட்ட வா."

மறுக்காமல் வந்தான். அவள் அவன் மணிக்கட்டை விடவே இல்லை, பாலம் இறங்கி, பஸ்களுக்கு நடுவே புகுந்து, கிளினிக் மாடிப்படி ஏறும்வரை.

டாக்டர் தேவதர்ஷினி அவன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். இடது பக்கம், வலது பக்கம். கீழே அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். திரையில் அது வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"எத்தனை மாசம் மாத்திரை சாப்பிட்டே?"

"ஒரு... நாலு மாசம் மேடம்."

"வெறும் வயித்துலயா, சாப்பிட்டுட்டா?"

"காலையில. வெறும் வயித்துல." பதில் டக்கென்று வந்தது.

"யூரின் என்ன கலர்ல போச்சு?"

"கலரா?" ஹெப்சியை ஒருமுறை பார்த்தான். "சாதாரணமாத்தான் மேடம். மஞ்சளா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்த மாத்திரையை ஒரு வேளை முழுங்கினாப் போதும், ஆரஞ்சும் சிவப்புமாப் போகும். ரத்தம்னு நினைச்சு அலறிக்கிட்டு ஓடி வருவாங்க. நாலு மாசம் சாப்பிட்டவனுக்குத் தெரியாதா? உன் நெஞ்சு கண்ணாடி மாதிரி கிளீனா இருக்கு தம்பி. யாருக்காகப் பொய் சொல்றே?"

ஹெப்சி அவன் பக்கம் திரும்பினாள்.

"பொய்யா? டேய், என் வாழ்க்கையோட விளையாடறியா நீ?"

"மாத்திரை வாங்கினது நான்தான்," என்றான் ஷெர்வின் குனிந்தபடி. "சாப்பிட்டது நான் இல்ல. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம்."

"சத்தியத்தைக் காப்பாத்திக்கோ. நான் இவளுக்குக் கேக்காத மருந்தை எழுதித் தரேன், ஜனவரிக்குள்ள இன்னொரு நுரையீரலும் போகட்டும். அந்த ஆளும் மருந்தில்லாம உள்ளுக்குள்ள அழுகட்டும். சம்மதமா?"

அவன் தோள்கள் குலுங்கின. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"டிசம்பர்ல ஆரம்பிச்சது மேடம். ஆஸ்பத்திரி வரிசையில நின்னா தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் அவங்க பையன்னு சொல்லி வாங்கிட்டு வருவேன். ரெண்டு மாசத்துல இருமல் கொறைஞ்சுடுச்சு. ஏப்ரல்ல ஒருநாள், ‘போதும்ப்பா, இனிமே அந்தப் பக்கமே போகாதே’ன்னுட்டாங்க. சென்டர்லேர்ந்து போன் வந்தா எடுக்கமாட்டாங்க. வீடு தேடி வந்த நர்ஸ்கிட்ட, அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாங்க."

"ஏன்?" என்றார் டாக்டர்.

"விசா வேலையெல்லாம் பார்க்கிற கன்சல்டன்சியில பேரன்ட்ஸ் மீட்டிங் வெச்சாங்க. வீட்ல யாருக்காவது டி.பி. இருந்ததான்னு விசாவுல கேப்பாங்க, ஜாக்கிரதைன்னு அத நடத்துற குமரேசன் சார் பேசியிருக்காரு. அதுலேர்ந்து ஒரே பயம். கவர்மென்ட் கம்ப்யூட்டர்ல மாசாமாசம் பேரும் அட்ரஸும் ஏறுதே, எம்பசிக்காரன் அதைத் தட்டிப் பார்த்தா பொண்ணுக்கு விசா கிடைக்காம போயிடும்னு... அதான் நிறுத்திட்டாங்க. விசா வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுக்கிறேன்னு சொன்னாங்க."

ஹெப்சி எழுந்து நின்றாள். வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு முகமும் மனதில் ஓடியது. அபிகாயிலின் அம்மாவா? தாம்பரம் முழுக்க விசாவுக்கு அலையும் எத்தனையோ பெண்களில் எவளோ ஒருத்தியின் அம்மா.

"எந்தப் பொண்ணுக்குடா?" பற்களைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எவளோட விசாவுக்காக என்னை இப்படிப் பண்ணினாங்க? பேரைச் சொல்லு!"

ஷெர்வின் முதல்முறையாக அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

"உனக்கு."