பதினொன்று என்று வந்த சீட்டு

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அது மூன்றாவது பரிசோதனையா நான்காவதா என்று குழப்பமாக இருக்கிறது. சீட்டில் வந்த எண் பதினொன்று. அதில் மட்டும் சந்தேகமில்லை.

கடைகடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கிராம்'. மனைவிக்குச் சினைப்பையில் புற்று. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்தபின், நோய் திரும்புகிறதா என்று மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தத்தில் ஓர் எண்ணைப் பார்த்தார்கள். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. பதினொன்று வந்த அன்று கிராம் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"பதினொண்ணு வந்திருக்குடி. நல்லா சாப்பிடறே, அதான்."

"எங்க சாப்பிடறேன்? ரெண்டு வாய்க்கே நெஞ்சை அடைக்குது."

"நம்பர் பொய் சொல்லாது."

"ஆமா, உங்க கடைக்காரங்க தராசெல்லாம் சத்தியம் பண்ணிட்டுத்தானே நிறுக்குது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த முறை, அவள் எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் கேட்டதும் கிராம் முந்திக்கொண்டார்: "நல்லா இருக்கா சார்." எண் ஒன்பது.

ஆறு வாரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஸ்கேனில் வயிறு முழுக்க நீர்.

"வேற மாத்திரை ஏதாவது எடுக்கறாங்களா?"

"இல்ல சார்."

அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "முடி வளர ஒண்ணு சாப்பிடறேன். தங்கச்சி வாங்கிக் குடுத்தா. அது மருந்துல சேத்தியா என்ன?"

தினமும் காலையில் அதைத் தண்ணீரோடு நீட்டியவர் கிராம்தான். இரத்தம் கொடுக்கப் போகும் நாளிலும்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "அதுல இருக்கற சத்து ஒடம்புல அதிகமானா இந்தச் சோதனையையே ஏமாத்திடும். நம்பரைக் குறைச்சுக் காட்டும். சில நாள் நிறுத்திட்டு மறுபடி பாப்போம்."

மறுபடி பார்த்தபோது எண்ணூற்று நாற்பது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா சார்?" என்று கேட்டார் கிராம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார்.

"சொல்லத் தெரியலீங்க."

அவள் அதன்பின் ஐந்து மாதம் இருந்தாள். தங்கை வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள், அத்தானோடு பேச்சில்லை. டாக்டர் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கிராம் ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார், தானே சமைத்துச் சாப்பிடுகிறார்.