இடப்பக்கக் கம்பு

நெல்லித்தோப்பு கோயிலில் ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்குச் சப்பரம் தூக்குவது பரம்பரை உரிமை. அப்பன் நின்ற இடத்தில் மகன் நிற்பான். இடப்பக்கக் கம்பு வலது தோளில் ஏறும். வலப்பக்கக் கம்பு இடது தோளில். முன்வரிசையில் இடப்பக்கம் சந்தியாகு, வலப்பக்கம் இன்னாசி. ஒரே உயரம், ஒரே மில், ஒரே ஷிப்டு. சங்கு ஊதியதும் ஒரு நீள ரொட்டி வாங்கி ஆளுக்குப் பாதி பிய்த்துத் தின்றுகொண்டே நடந்து வருவார்கள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் வாசனை இன்னாசிக்கு ரொம்பப் பிடிக்கும். பிறகு அந்தக் கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

ஐம்பத்து நாலில், பிரெஞ்சுக்காரன் ஆண்டுகொண்டிருந்த ஊர் இரண்டுபட்டது. இந்தியாவோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்த சந்தியாகுவை எதிர்க்கட்சியின் அடியாட்கள் தேடினார்கள். அவன் தவளக்குப்பத்தில் மச்சான் வீட்டில் இருந்தது இன்னாசிக்கு மட்டும்தான் தெரியும். யாரும் இன்னாசியை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீக்கடையில் அவர்களில் ஒருவன் சிகரெட் கொடுத்துத் தோளில் கை போட்டான். இன்னாசி சொல்லிவிட்டான். அவ்வளவுதான் விலை.

இரும்புத்தடி சந்தியாகுவின் வலது தோளை நொறுக்கியது. அந்தக் கை அப்புறம் நெஞ்சுக்கு மேல் எழவில்லை. தறி வேலை போனது. இப்போது தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் கூவுகிறான்.

இன்னாசி பாவசங்கீர்த்தனம் செய்தான். "சேசு மன்னிச்சிட்டாரு. ஆனா நீ அவங்கிட்டப் போய் உன் வாயால சொல்லணும்" என்றார் சாமியார். அபராதமாகக் கொடுத்த செபமாலையை அன்றே சொல்லி முடித்தான். சந்தியாகுவிடம் சொல்லத்தான் எட்டு வருஷமாக வாய் வரவில்லை.

சந்தியாகுவுக்கு மகன் இல்லை. அவன் உயிரோடிருக்க, அவன் இடத்தில் வேறு ஆளை நிறுத்த வழக்கமும் இல்லை. முன்னால் இடப்பக்கம் காலியாகவே கிடந்தது. வருஷா வருஷம் சப்பரம் அந்தப் பக்கம் சாய்ந்தே போனது.

"மாதா எட்டு வருசமா என்னையே குனிஞ்சி பாக்குறாங்கடா" என்பான் அந்தக் காலி இடத்துக்கு அடுத்து நின்று தூக்கும் சின்னப்பன். எல்லோரும் சிரிப்பார்கள். இன்னாசியும் சிரித்து வைப்பான்.

அறுபத்திரண்டில், மறுநாள் பிரெஞ்சுக்காரன் காகிதத்திலும் ஊரை ஒப்படைக்கிறான் என்று தெருவெல்லாம் பேச்சு. திருநாள் காலையில் இன்னாசி சந்தியாகு வீட்டு வாசலில் நின்றான். மதலேன் புருஷனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். முதலில் செத்த கையை நுழைக்க வேண்டும்.

"வாடா, ஏன் அங்கியே நிக்கிற?" என்றான் சந்தியாகு.

"என் எடத்துல நீ நில்லு. ஒன் இடது தோள் நல்லாத்தான இருக்கு."

"அது ஒங்கப்பன் எடம்டா. யாராச்சும் எடம் மாறுவாங்களா?"

"மாறணும். தவளக்குப்பத்துல நீ இருந்தத சொன்னது நாந்தான்."

மதலேனின் கை பொத்தானில் நின்றது. சந்தியாகு தன் வலது கையைப் பார்த்தான்.

"எவ்ளோ குடுத்தானுங்க?"

"ஒரு சிகரெட்டு."

"தூ" என்றாள் மதலேன். "சேசுவக் காட்டிக்குடுத்த மனுசன் முப்பது காசாச்சும் வாங்கனான்."

"மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"அது என்னால இப்ப ஆவாது" என்றான் சந்தியாகு. "இந்தக் கை தூக்கட்டும், பாக்கலாம். எடம் எனக்கு வேணும். கோயில்ல நான் வரேன்னு சொல்லு. நீ போ மொதல்ல."

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சந்தியாகு வந்தான். வலப்பக்கக் கம்பின் கீழே போய் நின்றான். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். இன்னாசி எட்டு வருஷமாகக் காலியாக இருந்த இடத்தில் நுழைந்தான். ஏலம் கூவும் குரலில் சந்தியாகு "தூக்கு!" என்றான். மாதா நேராக எழுந்தாள்.

பத்தடி போவதற்குள் இன்னாசியின் வலது தோளில் ஏதோ குடைந்தது. கம்பின் அடியில் ஒரு கணு. துண்டை மடித்து வைத்தும் எலும்பிலேயே இறங்கியது. முதல் தெருமுனையில் சப்பரத்தை இறக்கியபோது சட்டையில் ரத்தம் கசிந்திருந்தது.

சந்தியாகு இடது கையால் தன் இடுப்பைத் துழாவினான். சாக்குத்துணி திணித்துத் தைத்த பழைய தோள்மெத்தை ஒன்றை உருவினான், அவன் அப்பன் காலத்தது. இன்னாசியின் முகத்தைப் பார்க்காமல் அவன் காலடியில் எறிந்தான்.

"அங்க கணு இருக்கு. எங்கப்பனயும் குத்தும், என்னையும் குத்தும். வச்சிக்கோ."

இன்னாசி குனிந்து எடுத்தான்.

"அடுத்த வருசம் வரும்போது கொண்டாந்துடு" என்று சொல்லிவிட்டு, சந்தியாகு கம்புக்கு இடது தோளைக் கொடுத்தான்.